வாசகர் கேள்வி: பெயர் தெரியாமல் கேட்கும் கருத்து

கேள்வி: கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்கள் பகுதி விவசாயிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். பாபநாசம் அணையில் நீர் குறைந்த ஆண்டில் கார் பருவ நெல் சாகுபடியை எத்தனை ஏக்கரோடு நிறுத்தலாம் என்று கூட்டம் கூட்டினால், தலைமடைப் பெரியவர்கள் இருவர் பேசியதும் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. கேள்வித்தாள் கொடுத்துப் பல சுற்றுகளாகக் கருத்துக் கேட்கும் முறை எங்களுக்குப் பயன்படுமா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: நிச்சயம் பயன்படும். டெல்ஃபி முறை எனப்படும் இதை அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் 1950-களில் நார்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் ஆகியோர் உருவாக்கினர். அவர்களுடைய முதல் சோதனை அணுகுண்டுத் தாக்குதல் பற்றிய இராணுவ மதிப்பீடு என்பதால் 1963-இல்தான் வெளியாயிற்று. அதில் 7 வல்லுநர்களிடம் 5 சுற்றுகளாகக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். எத்தனை குண்டுகள் தேவைப்படும் என்ற கேள்விக்குத் தொடக்கத்தில் 50 முதல் 5,000 வரை, அதாவது நூறு மடங்கு விலகி நின்ற விடைகள், முடிவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு இடைவெளிக்குள் வந்தன.

ஒவ்வொரு சுற்றிலும் விடைகளைத் தொகுத்து, அவற்றின் இடைநிலை அளவையும் (விடைகளை ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் வரும் எண்), பெரும்பாலோரிடமிருந்து விலகி நிற்பவர்கள் சொல்லும் காரணங்களையும், யார் சொன்னது என்று காட்டாமல் அனைவருக்கும் திருப்பி அனுப்ப வேண்டும். அதைப் படித்தபின் தம் விடையை மாற்றவோ, காரணத்துடன் அதிலேயே நிற்கவோ எவருக்கும் உரிமை உண்டு. இம்முறையின் உயிர் அந்தக் காரணங்களில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. எண்களை மட்டும் திருப்பி அனுப்பினால், தனித்து நிற்கக் கூசுகிறவர்கள் நடுவிலிருக்கும் எண்ணை நோக்கி நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் தவிர்க்க நினைக்கும் கூட்டத்தின் நெருக்கடி தாளிலும் வந்துவிடும். கருத்து ஒன்றாகிவிட்டது என்பதாலேயே அது சரியாகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

யாரைக் கேட்பது என்பதில்தான் அதிகக் கவனம் தேவை. கடைமடை விவசாயிகள், மடை திறந்து அடைக்கும் பணியாளர்கள், ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர், அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும். ஆகவே பாசனத்தில் பங்கில்லாத ஒருவர் விடைகளைப் பெற்றுத் தட்டச்சு செய்து தரட்டும். எழுதப் பழகாதவர்களிடம் அவரே நேரில் கேட்டு எழுதிக்கொள்ளலாம். மூன்று சுற்றுகள் போதும்.

தண்ணீர் திறப்பது அரசு உத்தரவின்படி நடப்பதால், உங்கள் முடிவு நீர்வளத் துறைக்குத் தரும் பரிந்துரையாகவே அமையும். அதில் இடைநிலை அளவுடன், கடைசிச் சுற்றிலும் மாறாமல் நின்றவர்களின் காரணங்களையும் பெயரில்லாமல் இணைத்து, பருவம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.