சீட்டை எப்போ கேப்பாங்க?

அன்புள்ள அண்ணா,

சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறையில் ஒரு மூத்த வக்கீலோடு குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போய்வருகிறேன். மென்ஸ் ரியா, அலிபி, ரெஸ் ஜெஸ்டே என்று லத்தீன் வந்து விழும்போது தமிழ்வழியில் படித்த எனக்குத் தலை சுற்றுகிறது. இவற்றை எப்படிப் படிப்பது? வாய்தா, ஜாமீன், ஆஜர் போன்ற வேற்றுமொழிச் சொற்களையாவது விட்டுவிடலாமா? கட்சிக்காரர்களுக்கு எப்படிச் சொன்னாலும் புரியப்போவதில்லை. நாமாவது சரியாகப் பேசலாமே.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

லத்தீனுக்குப் பயப்படாதீர்கள். அடிக்கடி காதில் விழுகிற சொற்கள் ஒரு நோட்டில் நாலு பக்கத்துக்குள் அடங்கிவிடும். மென்ஸ் ரியா என்றால் குற்ற மனம். 2024 வரை இருந்த 1860ஆம் வருட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இருந்ததில்லை. தெரிந்தே, வேண்டுமென்றே, மோசடியாக என்று சாதாரண வார்த்தைகளில்தான் அந்தச் சட்டம் அதைச் சொன்னது. ஹேபியஸ் கார்பஸுக்கு ‘ஆட்கொணர்வு மனு’ என்று எவ்வளவு அழகாகச் சொல் செய்திருக்கிறோம்! வாய்தாவையும் ஜாமீனையும் அவை இருக்கிற இடத்திலேயே விடுங்கள். கோர்ட் வாசலில் டீ ஆற்றுகிறவருக்கும் புரிகிற சொற்கள் அவை. ரெஸ் ஜெஸ்டேயை, அதாவது சம்பவத்தோடு ஒட்டியே நடந்த பேச்சையும் செயலையும் பற்றி, இன்னொரு நாள் பேசலாம்.

உங்கள் கடைசி வரிதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கட்சிக்காரருக்குப் புரியாது என்று இரண்டாம் வருடத்திலேயே எப்படி முடிவு கட்டினீர்கள்? யாரிடமாவது உட்கார்ந்து சொல்லிப் பார்த்தீர்களா?

என் சித்தப்பா மீது வரப்புத் தகராறில் ஒரு வழக்கு. அரிவாளால் கையில் வெட்டினார் என்று 324, அதாவது ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கான பிரிவு, போட்டிருந்தார்கள். சம்பவம் நடந்ததாகச் சொன்ன காலையில் அவர் மாட்டுச்சந்தையில் இருந்தார். கிடாரிக்கன்று வாங்கியதற்கான சுங்கச் சீட்டு இருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ரோஸ் நிறக் காகிதம். நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மஞ்சள் பைக்குள் வைத்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொண்டுவருவார். குமாஸ்தாவிடம் ஒருமுறை காட்டியதற்கு, அதெல்லாம் அப்புறம் என்றுவிட்டார். சித்தப்பாவும் சரி, கேட்கிறபோது கொடுப்போம் என்று இருந்துவிட்டார்.

சாட்சி விசாரணை முடிந்து 313 வந்தது; குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவுப்படி குற்றம்சாட்டப்பட்டவரிடமே கேள்வி கேட்பார்கள். கூண்டில் ஏறுவதற்கு முன் வக்கீல் காதோடு சொன்னது ஒன்றுதான்: “எல்லாத்துக்கும் பொய்னு சொல்லுங்க, போதும்.” முதல் சாட்சி இப்படிச் சொல்லியிருக்கிறாரே, என்ன சொல்கிறீர்? பொய்ங்க. இரண்டாம் சாட்சி? பொய்ங்க. காயத்துக்கு மருந்து போட்ட டாக்டர் சொன்னதற்கும் பொய்ங்க. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கடைசியில் கேட்டார்கள். சித்தப்பா வக்கீலைப் பார்த்தார். வக்கீல் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இல்லைங்க.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் என்னிடம் கேட்டார்: “ஏம்ப்பா, சீட்டை எப்போ கேப்பாங்க?”

ஆடி ஆல்டெரம் பார்ட்டம் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மறுதரப்பையும் கேள் என்று பொருள். 313 அந்த அடிப்படையில் எழுந்தது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. வழக்கு முழுக்க வக்கீல்களும் சாட்சிகளும் பேச, குற்றம்சாட்டப்பட்டவனிடம் நீதிபதி நேராகக் கேட்கிற இடம் அது. சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தாலும், பொய்யாகவே சொன்னாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது. ஆனால் சொல்கிற பதிலை வழக்கில் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எழுதியே கொடுக்கலாம் என்று 2009 திருத்தம் வழி செய்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த 313, புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது. இதில் எது சித்தப்பாவுக்குப் புரியாது? ஒரு கன்றின் பல்லைப் பார்த்து வயது சொல்கிற மனிதர் அவர். “இது நீங்க பேசுற நேரம், சந்தைக்குப் போனதைச் சொல்லுங்க” என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். அதை யாரும் சொல்லவில்லை.

அலிபி என்றால் லத்தீனில் ‘வேறிடத்தில்’, அவ்வளவுதான். நான் வேறிடத்தில் இருந்தேன் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்; தாமதமாகச் சொன்னால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அதனால்தான் முதல் நாளே பையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்கிறேன். தீர்ப்பு எதிராக வந்தது; மேல்முறையீடு வேண்டாம் என்று சித்தப்பா அபராதத்தைக் கட்டிவிட்டார். அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தபோது சீட்டு அதே உறையில் இருந்தது. எழுத்து மங்கிப்போய்த் தேதி மட்டும் தெரிந்தது.

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள், தங்கையே. தமிழ்வழியில் படித்ததை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பாவுக்குத் தேவைப்பட்டது உங்களைப் போன்ற ஒருவர்தான். நாளை கோர்ட்டுக்குப் போகும்போது மூத்தவர் வருவதற்கு அரைமணி முன்னால் போங்கள். வாசலில் காத்திருக்கும் உங்கள் கட்சிக்காரர் பக்கத்தில் உட்காருங்கள். பையில் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்