பென்சிலில் எழுதிய கடன்கள்

கேள்வி: என் அப்பா காலமாகி மூன்று வாரங்கள் ஆகின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் லாரி ஓட்டியவர். வீட்டில் இருந்த நாட்களைவிடச் சாலையில் இருந்த நாட்களே அதிகம். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். அடுத்த மாதம் நடக்கும் நினைவுக் கூட்டத்தில் மூத்த மகளான நான் பேச வேண்டும். ‘கடும் உழைப்பாளி, வள்ளல் மனம், நல்ல குடும்பத் தலைவர்’ என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. அவருடைய பழைய நோட்டு ஒன்று அலமாரியில் கிடைத்தது. வாங்கிய கடனைப் பேனாவிலும் கொடுத்த கடனைப் பென்சிலிலும் எழுதியிருக்கிறார். பென்சில் வரிகள் பல அழிக்கப்பட்டிருக்கின்றன. பெருமையும் கோபமும் சேர்ந்தே வந்தன. நான் மேற்படிப்புக்குப் பணம் கேட்ட வருடம், “இப்போது முடியாதம்மா” என்றார். அதே வருடத்தில் மூன்று பென்சில் வரிகள் இருக்கின்றன. நோட்டைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறான் தம்பி. நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் பேனா நல்ல இடத்தில்தான் நின்றிருக்கிறது. நீங்கள் எழுதியவை எந்த இரங்கல் கூட்டத்துக்கும் வாடகைக்குக் கிடைக்கிற சொற்கள். என் அப்பா இறந்தபோது நானும் அவற்றைத்தான் வாசித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பெயரை மாற்றினால் அதையே எதிர்வீட்டுக்காரருக்கும் வாசிக்கலாம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இருந்த, மூடியில் பல்தடம் பதிந்த பேனாவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

உங்களிடம் அந்தப் பென்சில் இருக்கிறது. அதைவிடவா ஒரு தொடக்கம் வேண்டும்? ஆனால் ஒரு எச்சரிக்கை. அழிந்த வரிகள் திரும்பி வந்த பணமா, அவரே விட்டுக்கொடுத்த பணமா என்பது உங்களுக்குத் தெரியாது. அதைத் தியாகமாக ஊதிப் பெருக்காதீர்கள். வாங்கியதைப் பேனாவில் எழுதினார், கொடுத்ததைப் பென்சிலில் எழுதினார், பிறகு அழித்தார். அவ்வளவு சொன்னால் போதும். மிச்சத்தைக் கேட்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இனி உங்கள் கோபம். கொடுக்கிற கை உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. வெளியே போன ஒவ்வொரு தொகையிலும் அம்மாவின் பங்கும் பிள்ளைகளின் பங்கும் கலந்திருக்கும். ஊர் அவரைக் கும்பிடும். வீட்டில் இருப்பவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதை மேடையில் சொல்லலாமா என்றால், ஒரு வாக்கியம் தாராளமாகச் சொல்லலாம் என்பேன்: “அப்பா கொடுத்ததில் எங்கள் பங்கும் உண்டு, எங்களைக் கேட்காமலே கொடுத்தார், அதற்காக நான் அவரிடம் கோபித்துக்கொண்டதும் உண்டு.” கூட்டத்தில் பாதிப்பேர் சிரிப்பார்கள். அம்மா சிரிக்கிறாரா என்று பாருங்கள்.

மேற்படிப்பு விஷயம் மேடைக்கு வேண்டாம். அந்த மூன்று வரிகளுக்குத் தேதி இருக்கிறதா? இருந்தால், நீங்கள் பணம் கேட்டதற்கு முன்னா பின்னா என்று பாருங்கள். கையில் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுப் பிறகு உங்களிடம் கையை விரித்திருக்கலாம். தெரிந்தே உங்களைப் பின்னால் தள்ளியிருக்கவும் கூடும். அப்படியென்றால் அது தவறுதான். நல்லவர் செய்தார் என்பதற்காக அதைச் சரியென்று ஆக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

அந்தக் கோபத்தை யாருக்கும் காட்டாத தனித் தாளில் எழுதிவிடுங்கள். 1986-இல் வெளியான ஓர் ஆய்வில், ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாட்கள் மனத்தை உறுத்திய நிகழ்வைப் பற்றி எழுதச் செய்தார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு முதலில் மனம் கனத்தது. அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு பெரிதாக இல்லை. இருந்தாலும் நஷ்டம் நான்கு தாள்தானே!

உரைக்குச் செய்தி சேர்க்கும்போது எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். கூடி உட்கார்ந்து நினைவுகூர்கிறவர்களைவிட, தனித்தனியே நினைவுகூர்ந்ததை ஒன்றாகச் சேர்த்தால் அதிகம் கிடைக்கும். 1990-களிலிருந்து நடந்த சோதனைகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஒருவர் குரல் எழுந்தால் மற்றவர் நினைவின் இழை அறுந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்தக் குரல் என் பெரியப்பாவுடையது. அம்மா, தம்பி, அப்பாவோடு கிளீனராகப் போனவர்கள் எல்லாரிடமும் தனியாகப் பேசுங்கள். கிளீனர்களை விட்டுவிடாதீர்கள். அப்பாவின் உழைப்பு நடந்த இடத்தில் நீங்கள் யாரும் இல்லை, அவர்கள்தான் இருந்தார்கள். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனிதர்” என்றுதான் பதில் வரும். விடியற்காலையில் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது என்ன செய்வார், யாரிடம் என்ன பேசுவார், டயர் வெடித்தால் முதலில் அவர் வாயில் வரும் சொல் எது என்று கேளுங்கள். வீட்டுக்குத் தெரியாத அப்பா அங்கே கிடைப்பார்.

தம்பி சொல்வதில் பாதி சரி. நோட்டில் உள்ள பெயர்களும் தொகைகளும் வெளியே வரக் கூடாது. வாங்கியவர்களில் சிலர் அன்று முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பென்சிலைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். முதல் நாள் இரவு, யாரும் இல்லாதபோது, அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். ஏதாவது ஒரு வரியை அடிக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் அடித்துவிடுங்கள்.