மகள் ட்ரம்மோடு கொழும்புக்குப் போகட்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் ஏழெட்டு இருந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது அந்தக் கடைசி வரிதான்: “மேளம் அடித்து என்ன உத்தியோகம் கிடைக்கும்?”

மகள் தரம் 10. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம். பாடசாலைப் பாண்ட் வாத்தியக் குழுவில் சைட் ட்ரம் வாசிக்கிறாள். கொழும்பில் போட்டி, இரண்டு இரவு வெளியே தங்கவேண்டும், கேட்டிருக்கும் தொகை உங்களுக்கு நான்கு நாள் பேர், அதாவது நான்கு நாள் கூலி. அடுத்த கட்டம் சாதாரண தரப் பரீட்சை. இவ்வளவையும் யோசித்துவிட்டுச் சொல்கிறேன்: அனுப்புங்கள். உத்தியோகக் கணக்கை மட்டும் அந்தப் பயணப்பையில் வைத்துக் கட்டவேண்டாம்.

அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்காவின் ட்ரம் கோர் குழுக்களுடைய காணொளிகளைக் கைத்தொலைபேசியில் காட்டி, “இதுதான் நான் செய்யப்போகும் வேலை” என்று மகள் சொல்கிறாளாம். குற்றமில்லை, பார்ப்பவர் யாரையும் மயக்கும் காட்சிதான் அது. கால்பந்து மைதானம் நிறைய ஊதுகருவியும் முரசும் கொடியுமாக நூற்றைம்பது பேர் ஒரே காலடியில் நகர்கிறார்கள். அவர்களுடைய ட்ரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் முதல் சம்பியன் போட்டி 1972 இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் நடந்தது. இன்றும் கோடை முழுவதும் மாநிலம் மாநிலமாக ஓடுகிறார்கள். இரவில் பஸ்ஸில் உறக்கம், இல்லையென்றால் ஏதாவது பாடசாலை மண்டபத் தரையில் படுக்கை, பகல் முழுக்க வெயிலில் பயிற்சி. மகளிடம் நீங்கள் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆயிரக்கணக்கில் டொலர் கட்டித்தான் சேர்கிறார்கள், இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதோடு விலகியும் விடுகிறார்கள். அங்கேயே அது உத்தியோகம் இல்லை. இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கோபம் என்மேல் போகட்டும்.

நம் நாட்டில் ட்ரம்மோடு ஒட்டிய சம்பளம் எங்கே இருக்கிறது? முப்படைகளிலும் பொலிஸிலும் பாண்ட் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போக விரும்பினால் பொதுவாகச் சாதாரண தரச் சித்தி கேட்பார்கள், இசைக் குறியீட்டைத் தாளில் பார்த்து வாசிக்கவும் தெரிந்திருப்பது நல்லது. நமது பிள்ளைகள் பெரும்பாலும் காதால் கேட்டு மனப்பாடமாக வாசிக்கிறார்கள். கை நன்றாக ஓடும், தாளைக் கொடுத்தால் திகைத்து நிற்பார்கள். இசை ஆசிரியராவது இரண்டாவது வழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து இப்போது பீடமாகிவிட்ட இடத்தில், மிருதங்கம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஆனால் உங்கள் மகள் அழகியல் பாடமாகச் சித்திரத்தை எடுத்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கீதத்தைப் பாடமாகப் படிக்காத பிள்ளைக்கு இந்த வழி சுற்றுவழி. இதை அவளிடம் மறைக்காமல் சொல்வதுதான் மரியாதை.

பல்கலைக்கழக அனுமதியில் புறச்செயற்பாடுகளுக்குச் சிறப்பு ஒதுக்கீடு உண்டு என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது மிகச் சிறிய ஒதுக்கீடு, தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கானது. பங்குபற்றிய சான்றிதழ் ஒன்றை நீட்டி அதைக் கேட்க முடியாது. நுவரெலியா மாவட்டப் பிள்ளைக்குக் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீடு எத்தனையோ மடங்கு பயன்தரும். அதற்குத் தேவை உயர்தரப் பெறுபேறு, ட்ரம் இல்லை.

பிறகு ஏன் அனுப்பச் சொல்கிறேன்? அதைச் சொல்லுமுன் நீங்கள் பாதி எழுதிப் பாதி வெட்டிவிட்ட ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். உங்கள் மாமனார் தப்பு மேளம் அடித்தவர். திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் சாவுக்கும் அவரைத் தேடி வந்தவர்கள், மற்ற நாளில் அவரை எந்த இடத்தில் வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். “பேத்தியும் அதையே தூக்கவேண்டுமா” என்று எழுதி, அதன்மேல் கோடு போட்டிருக்கிறீர்கள். கோட்டுக்குக் கீழே நன்றாகவே வாசிக்க முடிந்தது.

அம்மா, விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டு எழுந்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடியவர்களின் பிள்ளைகள் நாம். பெரட்டு என்பதே வெள்ளைக்காரத் துரையின் ‘பரேட்’ நமது வாயில் உருண்டு வந்த சொல். அன்றைக்கு அந்தச் சத்தம் ஆளை வேலைக்கு வரிசையில் நிறுத்தியது. உங்கள் மகள் நிற்கும் வரிசையில் அதே தப்படித்தவரின் பேத்திதான் காலடி போடுகிறாள், மற்றவர்கள் அவள் தட்டுக்கு நடக்கிறார்கள். மாமனாரின் கை அவளிடம் இருக்கிறது என்று சங்கீத ஆசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதை வெட்கமாக எடுத்துக்கொண்டீர்களா, பெருமையாகவா? கடிதத்தில் அது தெளிவாகவில்லை. மகளுக்கும் தெளிவாகியிராது.

இனிப் பயணம். கொழும்பை நினைத்துத்தான் எல்லாப் பெற்றோரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் திரும்பி வரும் இரவில். நான் மாணவனாகப் போன ஒரு போட்டிப் பயணத்தில் எங்கள் பஸ் நள்ளிரவுக்குப் பிறகுதான் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. வரும் நேரத்தை யாரும் வீட்டாருக்குச் சொல்லவில்லை. டவுன் பிள்ளைகள் நடந்து போய்விட்டார்கள், ஆசிரியரும் போய்விட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் முதல் பஸ் வரும்வரை மூடிய கடையொன்றின் தாழ்வாரத்தில், ட்ரம் உறையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். ஆகவே அதிபரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, “எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள், அங்கிருந்து என் மகள் தோட்டத்து லய வீட்டுக்கு எப்படி வருவாள்?” என்பதுதான். நள்ளிரவாகும் என்றால் பிள்ளைகள் விடியும்வரை பாடசாலையிலேயே ஆசிரியர்களோடு தங்கட்டும். எழுத்தில் கேளுங்கள். கூச்சப்படவேண்டாம், கேட்கும் தாயைப் பாடசாலை மறப்பதில்லை.

மற்றக் கேள்விகள் சுருக்கமானவை. வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி எடுத்தாயிற்றா? பெண் பிள்ளைகளோடு எத்தனை ஆசிரியைகள் போகிறார்கள், இரவில் அதே மண்டபத்தில் படுப்பார்களா? மலசலகூடத்தின் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், இந்தக் கடைசிக் கேள்வியை எனக்குச் சொல்லித்தந்தது ஒரு மாணவி. பணம் ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் இரண்டு சம்பளத்தில் கட்ட அனுமதி கேளுங்கள். நகை அடகுக்குப் போகவேண்டாம்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு இறங்கும் பாதையில் வளைவுகள் வயிற்றைப் புரட்டிவிடும். காலையில் ரொட்டியும் சம்பலும் வயிறு முட்டக் கொடுத்து அனுப்பாதீர்கள். இஞ்சித் துண்டு, ஒரு தேசிக்காய், இரண்டு வெற்றுப் பைகள், முன்பக்கத்து இருக்கை. கொழும்பு இறங்கியதும் வெக்கை அடிக்கும். நமது குளிரில் இரண்டு மணித்தியாலம் நின்றாலும் சும்மா இருக்கும் பிள்ளை, அந்தத் தடித்த பாண்ட் சீருடையோடு வெயிலில் அரை மணித்தியாலத்தில் சரிந்து விழலாம். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்கவேண்டாம், தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். மலசலகூடம் சரியில்லை என்று பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். தாழ்ப்பாளைக் கேட்கச் சொன்னது அதற்காகத்தான். சீருடையின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தால், மாதவிடாய்த் தேதிக்கு இன்னும் நாள் இருந்தாலும் தேவையானதைப் பையில் வைத்துவிடுங்கள்.

இப்போது ஏன் அனுப்பச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். நமது பிள்ளைகள் உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியடைந்த பிறகும் கொழும்பில் ஒரு நேர்முகத்துக்குப் போனால் குரல் இறங்கிவிடுகிறது. என் மேசைக்கு முன்னால் இதை அடிக்கடி பார்க்கிறேன். பதில் தெரியும், கதிரையின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துச் சொல்லும். பெரிய பாடசாலைகளின் பிள்ளைகள் நிற்கும் மைதானத்தில், அவர்கள் பளபளக்கும் வாத்தியங்களோடு நிற்க, பழைய ட்ரம்மோடு வரிசையாக உள்ளே நடந்து, தப்பினாலும் நிறுத்தாமல் வாசித்து முடித்து, தலை நிமிர்ந்து வெளியே வருவதை எந்த டியூசன் வகுப்பும் சொல்லித்தராது. தோற்றுத் திரும்பினாலும் இந்தப் பகுதி கைக்கு வந்துவிடும். உங்கள் மகளின் குழு தோற்கும் என்றே நினைக்கிறேன், முதல் தடவைதானே.

படிப்புக்கு மூன்று நாள் போகும். போட்டிக்கு முந்திய மாதத்துப் பயிற்சியையும் சேர்த்தால் இன்னும் அதிகம். கணிதம் அவளுக்குப் பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி நாளில் கணிதத்தில் ஒரு கேள்வியாவது செய்துவிட்டுத்தான் குச்சியைத் தொடவேண்டும் என்று அவளோடு பேசி வையுங்கள். தரம் 11 இல் இதே அழைப்பு வந்தால் என் பதில் வேறாக இருக்கும், பரீட்சை எத்தனை மாதத்தில் என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவேன்.

சான்றிதழ் விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரில் சான்றிதழ் வாங்கி வந்த ஒரு பிள்ளை, மூன்று வருடத்துக்குப் பிறகு நேர்முகத்தில் அது தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அலைந்ததை அறிவேன். பெயர்ப் பட்டியல் கொழும்புக்குப் போகுமுன்பே, பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவள் பெயரை ஒரு தாளில் எழுதிப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். தேசிய அடையாள அட்டைக்கும் அதே எழுத்துத்தான் வரவேண்டும். திரும்பி வந்ததும் பாடசாலைப் பதிவிலும் சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் நற்சான்றிதழ் எழுதும்போது அதிபர் மாறியிருப்பார்.

லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர் சத்தத்துக்குச் சண்டை பிடிக்கிறார் என்றீர்கள். அதற்கு ட்ரம்மே வேண்டாம். பழைய இறப்பர்ச் செருப்பின் அடிப்பாகத்தைப் பலகையில் ஆணியடித்து, அதன்மேல் குச்சியால் தட்டச் சொல்லுங்கள்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. மெதுவாக, ஒரே அளவில், பத்து நிமிடம். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து நீங்கள் வந்து உட்கார்ந்ததும் உங்களுக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள். இடது கை முதலில் பின்னும்.

அதிபரின் பதில் கிடைத்ததும் திரும்பி வரும் நேரத்தை மட்டுமாவது எனக்கு எழுதுங்கள்.