பனியன் நூலில் ஸ்வெட்டர் பின்னலாமா?

பின்னல் குறித்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஊசியைப் பற்றியவை அல்ல, நூலைப் பற்றியவை. ஆகவே அவற்றிலிருந்தே ஐந்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

திருப்பூரில் மீதமாகக் கிடந்த 30ஆம் நம்பர் கோன் நூலை மலிவாக வாங்கி, இருபத்துநான்கு இழைகளை ஒன்றாகச் சேர்த்து, குன்னூரில் படிக்கும் மகளுக்கு ஸ்வெட்டர் பின்னினேன். ஒருமுறை துவைத்து உலர்த்தியதும் அது தொடைவரை இறங்கிவிட்டது; பக்கத் தையலும் வயிற்றுக்குத் திரும்பிவிட்டது. என்ன தவறு செய்தேன்?
— வாசகி, பெருந்துறை

இழைகளின் எண்ணிக்கையில் தவறில்லை. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் (நூல் கட்டுகள்) ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை வருகின்றன என்பதே பருத்தி நூலின் நம்பர் ஆகையால், 30ஆம் நம்பர் நூல் 100 கிராமுக்கு ஐயாயிரம் மீட்டருக்குச் சற்று மேல் வரும். கையால் ஸ்வெட்டர் பின்னப் பயன்படும் நடுத்தர நூலோ 100 கிராமுக்கு ஏறக்குறைய 210 மீட்டர்தான். வகுத்துப் பார்த்தால் நீங்கள் சேர்த்த இருபத்துநான்கு சரியாகவே வருகிறது.

தையல் திரும்பியதற்குக் காரணம் முறுக்கு. அந்தக் கோன் நூலின் ஒவ்வோர் இழையும் அங்குலத்துக்கு ஏறக்குறைய 19 முறுக்குடன், எல்லாம் ஒரே திசையில் முறுக்கப்பட்டவை. ஒரு மீட்டர் நூலை இழுத்துப் பிடித்து இரு முனைகளையும் அருகில் கொண்டுவந்தால், நடுப்பகுதி தானே சுருண்டு பின்னிக்கொள்வதைக் காண்பீர்கள். ஸ்வெட்டரில் உள்ள ஒவ்வொரு கண்ணியும், அதாவது பின்னலின் ஒவ்வொரு வளையமும், இதேபோலத் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயன்று ஒருபக்கம் சாய்கிறது. ஆயிரக்கணக்கான கண்ணிகள் ஒரே பக்கம் சாய்ந்தால் துணி முழுவதும் கோணுகிறது. துவைத்த பனியனின் பக்கத் தையல் முன்னால் வந்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம். இழைகளை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்னினால் அவற்றின் முறுக்கு ஒன்றை ஒன்று தணிக்காது. எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கிப் புரியாக்கினால்தான் தணியும்.

இறங்கியதற்குக் காரணம் பருத்தி. கம்பளி இழையில் இயல்பாகவே ஒரு சுருள் உண்டு. இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். பருத்திக்கு அந்த வில்தன்மை இல்லை, எடையும் அதிகம். ஈரத்தில் இன்னும் கனத்து, கொடியில் தொங்கும்போது தன் பாரத்தாலேயே நீளும்.

நூலை வீணாக்க வேண்டாம். ஸ்வெட்டரைப் பிரித்துச் சிட்டமாகச் சுற்றி, நீரில் நனைத்து நிழலில் காய வையுங்கள். பிறகு எட்டு எட்டு இழைகளாகப் பிரித்து, ஒவ்வோர் எட்டையும் சேர்த்து ராட்டையிலோ கையால் சுழற்றும் தக்களியிலோ நூலின் முறுக்குக்கு எதிர்த்திசையில் முறுக்குங்கள். ஒரு வளையமாகத் தொங்கவிடும்போது நூல் தானாகச் சுருளாமல் அமைதியாக நின்றால் முறுக்கு போதும் என்று பொருள். இந்த மூன்று புரிகளையும் சேர்த்துப் பின்னும்போது, முன்பக்கம் முழுவதும் நிட் எனப்படும் நேர்க் கண்ணியாக வரும் பின்னலைத் தவிர்த்து, இரண்டு நிட், இரண்டு பர்ல் (எதிர்க் கண்ணி) என்று மாறி மாறி வரும் வரிப்பின்னலைக் கையாளுங்கள். எஞ்சிய சாய்வு அதில் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். பருத்திக்கு இல்லாத இழுவையையும் அந்தப் பின்னல் ஓரளவு தரும். வழக்கமான ஊசியைவிட ஓர் அளவு மெல்லியதை எடுங்கள். துவைத்தபின் கொடியில் போடாமல் பாயில் விரித்து உலர்த்துங்கள்.

இத்தனையும் செய்தாலும் குன்னூரின் மார்கழிக் குளிருக்கு அது போதாது என்பதைச் சொல்லியாக வேண்டும். வெயில் ஏறிய பகலில் அணியலாம். இரவுக்குக் கம்பளி ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள்.

எங்கள் கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) சிவப்பு ஆடுகளும், கருந்தலை கொண்ட வெள்ளை நிறக் குரும்பை ஆடுகளும் மேய்கின்றன. இவற்றின் ரோமத்தை வீட்டிலேயே நூற்று ஸ்வெட்டர் பின்ன முடியுமா?
— வாசகர், தாராபுரம்

சிவப்பு ஆடுகள் மேச்சேரி இனமாக இருக்கும். அவற்றின் உடலில் இருப்பது முடியே தவிரக் கம்பளி அன்று. அவை இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர்பெற்றவை. அவற்றை விட்டுவிடுங்கள்.

குரும்பை ஆடு கம்பளி தரும், ஆனால் அது முரட்டுக் கம்பளி. ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகளின் நுனி தோலில் குத்தும். குரும்பை ரோமத்தில் அத்தகைய இழைகளே மிகுதி. தலைமுறைகளாக அதைப் போர்வைக் கம்பளியாக நெய்தவர்கள், உடலோடு ஒட்டி அணிவதற்கு அதைத் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம் உண்டு. சட்டைக்கு மேல் போடும் தடித்த மேலங்கி, தரைவிரிப்பு, வண்டி இருக்கைக்கான விரிப்பு ஆகியவற்றுக்கு அது மிகவும் ஏற்றது.

மென்மையான கம்பளி வேண்டுமானால் மலையேற வேண்டும். குரும்பை என்றும் அழைக்கப்படும் கோயம்புத்தூர் ஆட்டுடன் மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்களைக் கலந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானதே நீலகிரி செம்மறியாடு. உதகைக்கு அருகில் சாண்டிநல்லாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்தைக் காத்துவருகிறது. உங்கள் குரும்பை அதன் முன்னோர்களில் ஒன்று என்பதில் நீங்கள் சற்றுப் பெருமையும் கொள்ளலாம்.

குரும்பை ரோமத்தில் பழகிப் பார்க்க விரும்பினால், வயிற்றுப் பகுதியையும் சாணம் படிந்த ஓரங்களையும் நீக்கி, கை பொறுக்காத சூடுள்ள சோப்பு நீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். கசக்கக் கூடாது, அலசும் நீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். சூடும் உராய்வும் ஒன்றுசேர்ந்தால் இழைகளின் மேலுள்ள செதில்கள் கோத்துக்கொண்டு ரோமம் முழுவதும் கட்டியாகிவிடும். உலர்ந்தபின் சிக்கெடுத்துச் சீவ, கடைகளில் நாய்க்கு முடி சீவ விற்கும் இரண்டு கம்பித் தூரிகைகளே போதும்.

கடையில் ‘உல்லன்’ என்று விற்பது உண்மையான கம்பளிதானா?
— வாசகி, ஈரோடு

பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளியானால் முடி தீய்ந்த நாற்றம் வரும். நெருப்பை விலக்கினால் அணையும். சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கரிய மணியாக உறையும். பருத்தி காகிதம்போல எரியும். அக்ரிலிக்கைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அடிக்கடி துவைக்க வேண்டிய குழந்தைத் துணிக்கு அது வசதியானது. ஆனால் அடுப்பங்கரைக்கு அதை அணிந்து போகக் கூடாது.

எங்கள் அப்புச்சி நூற்ற பெட்டி ராட்டை அட்டாலியில் (பரணில்) இருந்து கிடைத்தது. அதில் கம்பளி நூற்கலாமா?
— வாசகி, திருச்செங்கோடு

1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கிய புதுப்பாளையம் உங்கள் பக்கம்தான்; ஆகவே அட்டாலியில் ராட்டை இருப்பதில் வியப்பில்லை. நூற்கலாம், ஆனால் அது பருத்திக்காகச் செய்யப்பட்ட கருவி என்பதை மறக்கக் கூடாது. பருத்தி இழை ஓர் அங்குல அளவே இருப்பதால், பிரியாமல் நிற்க அதற்கு நிறைய முறுக்கு வேண்டும். அதற்காகவே கையால் ஒரு சுற்று சுற்றினால் நூலை முறுக்கும் கம்பியான கதிர் பல பத்துச் சுற்றுகள் சுழலும்படி அமைத்திருக்கிறார்கள். மூன்று நான்கு அங்குலம் நீளமுள்ள கம்பளிக்கு அந்த வேகம் மிக அதிகம். பழகாத கையில் நூல் கம்பிபோல விறைத்துவிடும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, கையை வேகமாகப் பின்னிழுக்கப் பழக வேண்டும்.

என்னைக் கேட்டால் அந்த ராட்டையில் பருத்தியையே நூற்பது நல்லது. கம்பளிக்கு ஒரு முழக் குச்சியில் முப்பது நாற்பது கிராம் எடையுள்ள மர வட்டு ஒன்றைச் செருகித் தொங்குதக்களி ஒன்று செய்துகொள்ளுங்கள். எந்த இழையானாலும் இரண்டு நூல்களை ஒரே திசையில் நூற்று, எதிர்த்திசையில் புரியாக்க வேண்டும். பெருந்துறை வாசகிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

வால்பாறையில் குளிருக்குக் குறைவில்லை. கையால் நூற்றுப் பின்னிய ஸ்வெட்டர்களை விற்றால் கட்டுப்படியாகுமா?
— வாசகி, வால்பாறை

கணக்கைப் பாருங்கள். 100 செ.மீ. சுற்றளவும் 60 செ.மீ. நீளமும் கொண்ட உடற்பகுதிக்கு, 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை என்ற கணக்கில் 33,600 கண்ணிகள் வரும். நிமிடத்துக்கு முப்பது கண்ணி பின்னும் தேர்ந்த கைக்கே அது பத்தொன்பது மணி நேர வேலை. கைகளும் கழுத்தும் தனி. அரைக் கிலோ நூலைக் கையாலேயே நூற்பதென்றால் 2,100 மீட்டர் ஒற்றை நூலை நூற்று, பிறகு அதை இரட்டைப் புரியாக்கவும் வேண்டும். இந்த உழைப்புக்கு உரிய விலையை எழுதினால், சுற்றுலா வந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

குல்லாவில் தொடங்குங்கள். 60 முதல் 80 கிராம் நூல் போதும், இரண்டு மாலைகளில் முடியும், அளவு சற்றுப் பிசகினாலும் யாருக்காவது பொருந்தும். ஆனால் குல்லாவுக்கும் முதலில் ஒரு சாண் சதுரம் பின்னி, துவைத்து, உலர்த்தி அளந்த பிறகே கண்ணி ஏற்றுங்கள். அதைச் செய்யாமல் நான் என் கணவருக்குப் பின்னிய முதல் ஸ்வெட்டரை எங்கள் பேரன் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனான்.