மது அருந்தி வாகனம் ஓட்டியதாகப் பதிவான வழக்குக்கு வழக்கறிஞர் வைக்க வேண்டுமா?

இரவு வாகனச் சோதனையில் கருவியில் ஊதச் சொன்னார்கள், அளவு கூடுதலாகக் காட்டியதால் வழக்குப் பதிந்து ஓட்டுநர் உரிமத்தையும் வாங்கிக்கொண்டார்கள், நீதிமன்றத்தில் 10,000 ரூபாய் கட்டினால் முடிந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், இதற்குப் போய் வக்கீல் வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் அல்லன். குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். இத்தகைய வழக்குக் கட்டுகள் அன்றாடம் என் கை வழியாகத்தான் போகின்றன. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தலைக்கவசம் அணியாதது, சிவப்பு விளக்கைத் தாண்டியது போன்றவற்றுக்கு இ-சலான் வந்தால் வழக்கறிஞரைத் தேட வேண்டியதில்லை. வண்டி எண்ணும் தேதியும் உங்களுடையவைதாமா என்று சரிபார்த்துப் பணத்தைக் கட்டிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு, சில குற்றங்களுக்கு இணக்கக் கட்டணம் செலுத்தி நீதிமன்றம் போகாமலே முடித்துக்கொள்ள வழி செய்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் 185-ஆவது பிரிவு, அதாவது மது அருந்தி வாகனம் ஓட்டும் குற்றம், இல்லை. ஆகவே சாலையில் வைத்தே பணம் வாங்கி முடிக்கக் காவலருக்கும் அதிகாரம் கிடையாது, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசவும் இயலாது. நீங்கள் செலுத்தப்போவது கட்டணம் அன்று. நீதித்துறை நடுவர் உங்களைக் குற்றவாளி என்று தீர்மானித்த பின் விதிக்கும் தண்டனை. நண்பர்கள் கவனிக்கத் தவறும் வேறுபாடு இதுதான்.

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, முதல் முறை குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மறுமுறை சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இவை பலருக்கும் தெரிந்தவையே. 20-ஆவது பிரிவைத்தான் யாரும் சொல்வதில்லை: 185-இன் கீழ் குற்றம் உறுதியானால், குறைந்தது 6 மாதம் வாகனம் ஓட்டத் தகுதியிழப்பு செய்து நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்கிறது அது. வாகனம் ஓட்டித்தான் பிழைப்பு என்றால் அபராதத்தைவிட இதுவே பெரிய அடி.

நீதிமன்றத்தில் நடப்பதைப் பார்த்தால் இது புரியும். அன்றைய பட்டியலில் இதே பிரிவில் பலர் வரிசையாக நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நடுவர் கேட்பார், முன்னால் நின்றவர் தலையசைத்ததைப் பார்த்து நீங்களும் தலையசைப்பீர்கள். நிமிடக் கணக்கில் எல்லாம் முடிந்து, நீங்கள் தண்டனை பெற்றவராக வெளியே வருவீர்கள். அடுத்த முறை சிக்கினால் உங்களை இரண்டாம் முறைக் குற்றவாளியாக ஆக்கப்போவது அந்தத் தலையசைப்புதான். எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: வழக்கு முழுவதையும் நடத்த வழக்கறிஞர் வைப்பதா இல்லையா என்பது பிறகு முடிவு செய்ய வேண்டியது, ஒப்புக்கொள்வதற்கு முன் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டிக் கேட்பது கட்டாயம். சம்மன் தேதிக்குள் அது முடியாவிட்டால், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அவகாசம் வேண்டும் என்று நடுவரிடமே நேரில் கேளுங்கள், வாய்தா கிடைக்கும்.

அவரிடம் காட்ட வேண்டியவற்றில் முதன்மையானது, கருவியிலிருந்து வந்த அச்சுச் சீட்டு. அது பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாவதால், சட்டைப் பையில் சில மாதம் கிடந்தாலே எழுத்து மங்கிவிடும். இன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அதில் தேதி, நேரம், கருவியின் எண், அளவு ஆகியவை இருக்கும். சட்டம் வகுத்த வரம்பு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம். சீட்டில் 34 என்று இருப்பதற்கும் 150 என்று இருப்பதற்கும் வழக்கறிஞர் சொல்லும் யோசனை ஒன்றாக இருக்காது. வரம்பை ஒட்டிய அளவு என்றால், ஊதுவதற்குச் சற்று முன் வாய் கொப்பளிக்கும் மருந்து பயன்படுத்தினீர்களா, கருவி உரிய காலத்தில் அளவு சரிபார்க்கப்பட்டதா என்றெல்லாம் கேட்பார். உங்களைக் கைது செய்திருந்தால், 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதித்தாரா என்றும் பார்ப்பார். அது நடக்காவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 202-ஆவது பிரிவு சொல்கிறது. அளவு 150 என்றால் வெறும் சந்தேகங்களைக் கிளப்பி வழக்கை இழுத்தடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே வழக்கறிஞரின் வேலை, முதல் குற்றம் என்பதையும் குடும்பச் சூழலையும் எடுத்துச் சொல்லிச் சிறைத்தண்டனை வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

உரிமம் தனித் தடத்தில் போகிறது. காவல்துறை அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பும்; 19-ஆவது பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்கும் முன் அவர்கள் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்காமலே வைத்திருந்துவிட்டு, காலம் கடந்தபின் எங்களிடம் வருகிறவர்கள் அநேகர். உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வழக்கறிஞரைத் தேடும்போது நீதிமன்ற வாசலில் கையைப் பிடித்து இழுப்பவரிடம் போகாதீர்கள். இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதும் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் கூடாது. தீர்ப்பு எப்படி வருகிறதோ அதற்கேற்பக் கட்டணம் என்று பேசுவதும் கூடாது. “உரிமத்தை நாளைக்கே வாங்கித் தருகிறேன்” என்பவர் பெரும்பாலும் இடைத்தரகராகவே இருப்பார். கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அல்லது குழுவின் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு.

இவ்வளவும் விபத்து ஏதும் நடக்காத வழக்குக்குத்தான் பொருந்தும். யாருக்கேனும் உயிரிழப்பு நேர்ந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 106-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு; கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற கடுமையான பிரிவுகூட வரலாம். மது அருந்திய ஓட்டுநர்மீது அத்தகைய குற்றச்சாட்டு நிலைக்கும் என்று உச்ச நீதிமன்றமே 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நிலையில் சம்மனுக்காகக் காத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலிருந்தே வழக்கறிஞரை அழைத்துப் பேசிவிட்டு, அதன் பிறகே வாக்குமூலம் கொடுங்கள்.