பக்கத்து வீட்டு நாய் கடிக்க வருகிறது, நாமே ஏதாவது செய்தால் கேஸ் ஆகுமா?

ஆகும். உங்கள் மேல்தான் ஆகும். நாய்க்காரர் மேல் வருவதைவிடப் பெரிய கேஸாகவே ஆகும்.

விஷம் வைக்கலாமா, அடித்துவிடலாமா, பிடித்துக்கொண்டுபோய் எங்காவது தூரத்தில் விட்டுவிடலாமா என்று மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, நாய்க்காரரிடம் பேசிப் பார்த்தாகிவிட்டது, ஸ்டேஷனுக்கும் ஒரு நடை போய்த் திரும்பியாகிவிட்டது என்று தோன்றுகிறது. அந்த எரிச்சல் எனக்கும் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. எங்களுக்கு நேர்ந்தபோது ஒரு நல்ல வக்கீல் உட்காரவைத்துச் சொன்னதும், அதற்கப்புறம் நானே சட்டத்தைத் தேடிப் படித்ததும்தான் இது. நாய் என்றாலே ஆகாதவனும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாய் கிழமாகிச் சாகும்வரை இருந்தது, அது செத்த அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. இதைச் சொல்லாவிட்டால் யாராவது வந்து 'உனக்கு இதயம் இல்லையா' என்று ஆரம்பிப்பார்கள்.

முதலில் விஷம். பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவு: ஒரு விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனப்படுத்தினாலோ ஐந்து வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு 428, 429 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. பத்து ரூபாய் மதிப்புள்ள விலங்கு, ஐம்பது ரூபாய் மதிப்புள்ள விலங்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தக் கணக்கெல்லாம் போய்விட்டது. எந்த விலங்காக இருந்தாலும் ஐந்து வருடம் வரை போகலாம்.

'மிருகவதைச் சட்டத்தில் ஐம்பது ரூபாய்தானே ஃபைன், கட்டிவிட்டுப் போகலாம்' என்று டீக்கடை சட்ட நிபுணர்கள் சொல்வார்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்குப் பத்து முதல் ஐம்பது ரூபாய் என்று இருப்பது உண்மை. ஆனால் விஷம் வைத்த கேஸில் போலீஸ் அதோடு 325ஐயும் சேர்த்துத்தான் எழுதும். யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம் என்பதும் நடக்காது. செத்த நாய்க்கும் போஸ்ட்மார்ட்டம் உண்டு. வயிற்றில் இருப்பதைப் பரிசோதனைக்கு அனுப்பினால் விஷம் தெரிந்துவிடும். தெருவில் யாருக்கு அந்த நாயோடு தகராறு என்று விசாரித்தால் முதலில் வருவது உங்கள் பெயர்தான். நீங்கள் வைத்ததை வேறொரு நாயோ, ஒரு குழந்தையோ எடுத்துவிட்டால் கதையே வேறு. விஷப் பொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்கு 286 என்று தனிப் பிரிவு இருக்கிறது.

தூரத்தில் கொண்டுபோய் விடுவது? வளர்ப்பு நாய் சட்டத்தின் கண்ணில் ஒருவருடைய உடைமை. அவருக்குத் தெரியாமல் ஏற்றிக்கொண்டு போனால் 303இன் கீழ் திருட்டு என்று புகார் கொடுக்க அவருக்கு இடம் இருக்கிறது.

இனி அந்தப் பக்கம் பாருங்கள். தன் விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 291ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாயைக் கடிக்க விட்டவருக்கு ஆறு மாதம், அந்த நாயைக் கொன்றவருக்கு ஐந்து வருடம்! வக்கீல் இதைச் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்று ஜாக்கிரதைக் குறைவு, மற்றது திட்டம் போட்டுச் செய்வது, அதனால்தான் இந்த வித்தியாசம் என்று அவர் விளக்கினார். புரிந்தது. கொதிப்பு மட்டும் அடங்கவில்லை.

எங்கள் கதை இது. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஒரு பெரிய அதிகாரி. நாய் ராட்வீலர் என்ற ஜாதி. அவர்கள் வீட்டு கேட்டின் கொண்டி தேய்ந்துபோய் முழுதாக விழாது. நாய் மூக்கால் தூக்கினால் திறந்துகொள்ளும், அதை அந்த நாய் கற்றுக்கொண்டுவிட்டது. ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். வேலைக்கார அம்மா வரும்போது அவிழ்ப்பார், திரும்பச் சுற்ற மறந்துவிடுவார். 'ஒண்ணும் பண்ணாது சார், விளையாட்டுக்கு வருது, நீங்க ஓடாதீங்க' என்பார் அதிகாரி. நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் எங்கே போய் இந்த வசனத்தை மனப்பாடம் செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஒருநாள் விடிகாலை அப்பா வாசலுக்குப் போனார். கெண்டைக்காலில் பிடித்துவிட்டது. வேட்டி முட்டிவரை கிழிந்து, மேலே இரண்டும் கீழே இரண்டுமாகப் பல் இறங்கிய இடம் குழி குழியாக இருந்தது. அம்மா குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவியபடியே இருந்தாள். அது எவ்வளவு சரியான காரியம் என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. ரத்தம் வந்த கடி என்றால் மிகக் கடுமையான மூன்றாம் வகை. தடுப்பூசி மட்டும் போதாது, ரேபிஸுக்கு எதிரான இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றி, உள்ளேயே ஊசியால் இறக்க வேண்டும். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி: 'நாய் உயிரோடு இருக்கா? கண்ணுக்கு எட்டுற இடத்துல இருக்கா?' கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். பத்து நாளும் அது நன்றாக இருந்தால் கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது, உடனே ஆரம்பித்துவிட வேண்டும். அன்று காலை எங்கள் தெருவில் ஒருவர் கட்டையோடு கிளம்பிவிட்டார். இன்னொருவர் என் காதுக்குள், 'தம்பி, கறித்துண்டுல வெச்சிப் போட்டுருவோம், ராத்திரியோட முடிஞ்சுது' என்றார். அவர்கள் நினைத்தபடி நடந்திருந்தால் டாக்டரின் கேள்விக்கு எங்களிடம் பதிலே இருந்திருக்காது. தடுப்பூசி அட்டையைக் கேட்டால் அதிகாரி, 'எல்லாம் போட்டாச்சு' என்றார். அட்டை மட்டும் வரவே இல்லை.

ஸ்டேஷனில் வழக்கமான பாட்டுதான்: 'பக்கத்துப் பக்கத்து வீடு, பேசித் தீத்துக்கங்க.' விடாதீர்கள். 291 போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். எழுத்தில் புகார் கொடுங்கள், குறைந்தது சி.எஸ்.ஆர் ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு) வாங்காமல் நகராதீர்கள். 2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் ராட்வீலர்கள் ஒரு ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியபோது நாய்க்காரரைக் கைது செய்தார்கள். அதை நினைவுபடுத்தினேன், ரைட்டரின் பேனா திறந்தது.

அடுத்து, நாய்க்காரருக்கு ஒரு கடிதம். ஒப்புகையோடு தபாலில். இன்ன தேதியில் கடித்தது, கேட் கொண்டி பழுது, சரிசெய்யுங்கள் என்று நாலு வரி போதும். நாய் ஆபத்தானது என்று தெரிந்தும் சும்மா இருந்தார் என்பதைக் காட்ட நாளைக்கு அந்த ஒப்புகை அட்டை உதவும். மருத்துவச் செலவுக்கு சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்பதானாலும் அதுதான் அஸ்திவாரம். நான் இன்னொரு வரியும் சேர்த்தேன்: எந்நேரமும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாடவிடாமல் வைப்பதும் அதே மிருகவதைச் சட்டத்தில் குற்றம். அந்த நாய்க்காகவும் நான்தான் பேசவேண்டியிருந்தது.

கடைசியாக, பலருக்குத் தெரியாத வழி. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133). ஆபத்தான விலங்கை அடைத்துவைக்கவோ, அப்புறப்படுத்தவோ, தேவைப்பட்டால் கொல்லவோகூட உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. நம் ஊரில் அது கோட்டாட்சியர். சி.எஸ்.ஆர், ஆஸ்பத்திரிச் சீட்டு, கொண்டியின் போட்டோ, தபால் அட்டை எல்லாவற்றையும் இணைத்து மனு கொடுத்தேன். கிராம நிர்வாக அலுவலர் வந்தார், செப்புக் கம்பியைக் கையால் ஆட்டிப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போனது. விசாரணை தேதிக்கு முன்பே வெல்டிங் ஆள் வந்துவிட்டார். இப்போது கேட்டுக்கு உள்ளே இன்னொரு கம்பி வலைக் கதவு இருக்கிறது.

அவர் என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

'சுப்ரீம் கோர்ட்டே நாயைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறதே' என்று உங்களிடமும் சொல்வார்கள். அந்த வழக்குகளும், 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளில் பெரும்பகுதியும் தெருநாய்களைப் பற்றியவை. கழுத்தில் பட்டையோடு ஒரு வீட்டில் வளரும் நாய்க்கு அந்த வீட்டுக்காரர்தான் பொறுப்பு.

நாய் நிஜமாகவே பிள்ளைமேல் பாய்கிறது, கையில் கம்பு இருக்கிறது என்றால்? அடியுங்கள். வேறொரு பெரிய தீங்கைத் தடுக்க, குற்ற எண்ணம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு செய்த காரியம் குற்றமாகாது என்று நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவு சொல்கிறது. அது அந்த நிமிஷத்துக்கு மட்டும்தான். நாய் வீட்டுக்குள் ஓடிய பிறகு தேடிப்போய் அடித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எதிர்வீட்டில் சிசிடிவி இருந்தால் இன்றைக்கே போய் அந்த நாளின் பதிவைக் கேட்டு வாங்கி வையுங்கள். பெரும்பாலான கருவிகள் பழைய பதிவின்மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும், நீங்கள் ஸ்டேஷனுக்கு அலைகிற நேரத்தில் அது அழிந்துவிடும்.