பொதி விதிகளை எங்கே தேடுவது?

கேள்வி: எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவில், பொதிகளை, அதாவது கணினியில் நிறுவும் வகையில் கட்டிய மென்பொருள் தொகுப்புகளை, உருவாக்குவதற்கான விதிகளைப் பல ஆண்டுகளாக ஒரே ஆவணத்தில் சேர்த்துவந்தோம். இப்போது அது 60 பக்கமாகிவிட்டது. புதிதாக வரும் பங்களிப்பாளர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் எங்களிடமே கேட்கிறார்கள். அதை எப்படி ஒழுங்குபடுத்தலாம்?

பதில்: 60 பக்கத்தையும் படித்து முடித்த பிறகு பொதி கட்ட உட்காருபவர் எவருமில்லை. வேலையின் நடுவில் ஏதேனும் தடுக்கும்போதுதான் விதி தேவைப்படுகிறது. ஆகவே, தடுக்கிய இடத்திலிருந்தே விதிக்கு வழி இருக்க வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் டெபியன் திட்டத்தில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு. அங்கே பொதிகளைச் சோதிக்கும் லிண்டியன் என்ற கருவி, பதிப்புரிமைக் கோப்பு இல்லாத பொதியைக் கண்டால் ‘நோ-காப்பிரைட்-ஃபைல்’ என்று பிழை காட்டும். அந்தப் பிழைக்கு விளக்கம் கேட்டால், அந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லி, டெபியன் கொள்கைக் கையேட்டின் 12.5 ஆம் பிரிவைச் சுட்டும். பொருளடக்கத்தைப் புரட்டாமலேயே பங்களிப்பாளர் உரிய பத்திக்குப் போய்ச் சேர்கிறார். உங்களிடமும் தானியங்கிச் சோதனை இருந்தால், அதன் ஒவ்வொரு பிழைச் செய்தியிலும் விதியின் எண்ணைச் சேருங்கள். அதன்பின் எண்களை மாற்றாதீர்கள். ஒரு விதியை நீக்க நேர்ந்தால், ‘நீக்கப்பட்டது’ என்று எழுதி எண்ணை அப்படியே விடுங்கள். (அழகுக்காக எண்களை மறுபடி வரிசைப்படுத்தத் துடிப்பவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், அவரைத் தடுத்துவிடுங்கள்.)

அடுத்து, கட்டளையையும் அறிவுரையையும் பிரியுங்கள். டெபியனில் விதிகள் கொள்கைக் கையேட்டிலும், நல்ல நடைமுறைகள் உருவாக்குநர்களுக்கான கையேட்டிலும், முதல் பொதியைக் கட்டக் கற்றுத்தரும் பாடம் இன்னொரு வழிகாட்டியிலும் உள்ளன. கொள்கைக் கையேட்டில் ‘மஸ்ட்’ (கட்டாயம்) என்ற சொல்லோடு வரும் விதியை மீறிய பொதி, கடும் வழுவுள்ளதாகக் கருதப்பட்டு, வெளியீட்டிலிருந்தே விலக்கப்படலாம். ‘ஷுட்’ (செய்வது நல்லது) என்பதற்கு அவ்வளவு வலிமை இல்லை. உங்கள் ஆவணத்தில் கட்டளைகளை மட்டும் பிரித்தெடுத்தால் 10 பக்கம்கூடத் தேறாது என்றே நினைக்கிறேன்.

பைத்தான், பெர்ல் போன்ற மொழிகளுக்கே உரிய விதிகளை, ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் திட்டத்தில் இருப்பதுபோல, தனித்தனிப் பக்கங்களாக்குங்கள்.

பழைய பங்களிப்பாளருக்கோ, சென்ற முறைக்குப் பின் என்ன மாறியது என்று தெரிந்தால் போதும். டெபியனின் மூலப் பொதி (மென்பொருளின் மூல நிரல் அடங்கிய பொதி), தான் கடைசியாகக் கையேட்டின் எந்தப் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது என்பதை ‘ஸ்டாண்டர்ட்ஸ்-வெர்ஷன்’ என்ற புலத்தில் குறித்து வைத்திருக்கும். பராமரிப்பவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு, கையேட்டுடன் வரும் மாற்றப் பட்டியலில் அதற்குப் பிந்தியவற்றை மட்டும் பார்த்துக்கொள்கிறார்.

தலைப்புகளைக் கேட்பவரின் வாயிலிருந்து எடுங்கள். உங்கள் ஆவணத்தில் ‘சார்புநிலை அறிவிப்பு’ (பொதி இயங்கத் தேவையான மற்ற பொதிகளின் பட்டியல்) என்று இருக்கும். அவரோ ‘நிறுவினேன், ஆனால் ஏதோ நூலகம் இல்லை என்கிறது’ என்றுதான் தேடுவார். கடந்த சில மாதங்களில் உங்களிடம் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் உரிய விதி எண்ணைக் குறியுங்கள். அந்தத் தாளையே ஆவணத்தின் முதல் பக்கமாக வைத்துவிடலாம்.